மேற்கு வரிசைக்குப் போட்ட கட்டு

அக்டோபர் 27, திங்கள்

காய்ச்சல் விட்டது. நாலு நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. காலையில் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். கால் இன்னும் நடுங்குகிறது.

கஃபூர் வாசலில் நின்று, "இன்னிக்கும் படுத்துக்கங்கக்கா, லாயத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். பதினாலு குதிரைக்கும் ஒற்றை ஆளாய்த் தண்ணி காட்டி, லத்தி அள்ளி, தேய்த்துவிட்டு அவன் முகமே ஒட்டிப்போயிருக்கிறது. பள்ளபட்டிக்காரன். இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் அறைக்கு அடுத்த அறை. இந்த நாலு நாளும் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவன்தான்.

காபி போட்டுக் குடித்தேன். வெறும் சுடுதண்ணி மாதிரி இருந்தது. கடைக்காரர் பழைய தூளைத் தள்ளிவிட்டார் போல.

புல் ஷெட்டைப் போய்ப் பார்த்தேன். இருப்பு எட்டு நாளைக்குத்தான் வரும். மழையில் தெற்கு ஓரம் தரை ஈரமாகிவிட்டது. அடிக்கட்டுகளை எடுத்துப் பலகை மேல் மாற்றி அடுக்கினோம். சினைக் குதிரை சித்திரைக்கு வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. மார்கழியில் ஈனும் என்று டாக்டர் ரெஜினா சொன்னார். விலாவில் கை வைத்தால் குட்டி உதைப்பது தெரிகிறது.

அக்டோபர் 29, புதன்

பால் கருகிவிட்டது.

அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கஃபூர் லாயத்திலிருந்து ஓடி வந்தான். "என்னக்கா, அங்க வரைக்கும் தீயற நாத்தம் வருது, நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டபடி அடுப்பை அணைத்தான். ஏதோ நினைப்பு என்றேன். அவன் பாத்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

பிறகு பூண்டு நசுக்கிப் பார்த்தேன். கற்பூரம் எடுத்துப் பார்த்தேன். தைல டப்பாவைத் திறந்து மூக்குக்குள்ளேயே விரலை விட்டுத் தடவினேன். எரிந்தது. எரிச்சல் மட்டும்தான்.

சளி இறங்கினால் சரியாகிவிடும்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்றும் வாசம் இல்லை. முதலாளி சென்னியப்பன் ஐயா வழக்கமாக வெள்ளிக்கிழமை வருவார். வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

நவம்பர் 3, திங்கள்

மூலனூர் குமரேசன் லோடு கொண்டுவந்தான். கொழுக்கட்டைப் புல், நூற்றியிருபது கட்டு. வண்டியை நிறுத்தியதுமே, "அக்கா, இந்தத் தடவை நீங்க ஒரு கட்டைக்கூடத் தள்ள மாட்டீங்க, பந்தயம்" என்றான். போன வருஷம் அவன் லோடு ஒன்றை அப்படியே திருப்பி அனுப்பியவள் நான். வெளியே பச்சைப் பசேலென்று இருந்தது. உள்ளே முகத்தை வைத்தால் புகையிலை வாசம். ஈரத்தோடு கட்டி, உள்ளுக்குள் சூடேறிப்போன புல். கையைக்கூட விட்டுப் பார்க்காமல் சொன்னேன் என்று அவன் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இன்று எல்லாம் பார்த்தேன். நிறம் பச்சை, வெயில் பட்ட மேல்பக்கம் மட்டும் வெளுப்பு, அது குற்றமில்லை. தாளைவிட இலை அதிகம். கதிர் முற்றுவதற்கு முன்பே அறுத்திருக்கிறான். ஒரு பிடி எடுத்து முறுக்கினேன், உள்ளங்கையில் குத்தவில்லை. தாளை வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. நன்றாகக் காய்ந்திருக்கிறது. கட்டுக்குள் முழங்கை வரை கை விட்டேன், சூடில்லை. வெயிலுக்கு நேரே பிடித்து உதறினேன், தூசி பெரிதாக எழவில்லை. முள் இல்லை, களை இல்லை.

பிறகு முகத்தை வைத்தேன். வழக்கம் போல. வழக்கமான நேரம்.

"எப்படிங்க்கா?" என்றான் குமரேசன்.

"சரி, இறக்கு."

பத்துக் கட்டாவது பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். மேலடுக்கில் மூன்று, நடுவில் நாலு, அடியில் மூன்று. இன்று நாலுதான் பிரித்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் இறக்க வேண்டியிருந்தது.

மழை பெய்யவில்லை.

நவம்பர் 5, புதன்

லாயத்தின் நடுவில் நின்று பார்த்தேன். சுற்றிலும் பதினாலு குதிரை, மூத்திரம், லத்தி, வியர்வை, எண்ணெய் போட்ட தோல். ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. பவளம் என் தோளில் மூக்கை வைத்து ஊதினாள். அவள் மூச்சில் எப்போதும் மென்ற புல்லின் இனிப்பு இருக்கும். சூடு மட்டும் தெரிந்தது.

காங்கேயத்தில் டாக்டரிடம் காட்டினேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகிறது, சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்குத் திரும்புவதே இல்லை என்றார். "சமையலுக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். வேற ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா" என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஐயாவிடம் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லவில்லை.

ஐயா தனியாக வரவில்லை. கூட அவர் நண்பர்கள், கோயமுத்தூரிலிருந்து, மூன்று பேர். அதில் ஒருவர் புதிதாகக் குதிரைப் பண்ணை தொடங்கப்போகிறாராம். ஐயா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இவங்கதான் வசந்தாமணி. இருபது வருசத்துக்கு முன்னால நம்ம தோட்டத்துல புல்லறுக்க வந்தவங்க. ஒரு நாள் புல்லுப் போரைத் தாண்டிப் போறப்ப, 'ஐயா, இந்தப் போர் உள்ள வேகுது'ன்னாங்க. பிரிச்சுப் பாத்தா ஆவி பறக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும். அன்னைக்கே அருவாளைக் கீழ வெக்கச் சொல்லி லாயத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். நீங்கெல்லாம் தீவனத்தை டெஸ்ட்டுக்கு அனுப்பறீங்க. நமக்கு இந்த அம்மிணி மூக்குதான்."

அவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், மரியாதையான சிரிப்பு. அந்தப் புதியவர், "எங்களுக்கும் ஒருக்கா பாத்துக் காட்டுங்கம்மா" என்றார். ஐயா ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னார். ஒரு கைப்பிடி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தில் வைத்து மூச்சை இழுத்தேன்.

"காலையில பனி காஞ்ச பிறகு அறுத்திருக்கு. ரெண்டு நாள் வெயில், ஒரு நாள் நிழல். தேன் மாதிரி ஒரு வாசம் வருது பாருங்க" என்றேன்.

அவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து முகர்ந்து, "ஆமாங்க, தேனேதான்" என்றார்கள்.

கஃபூர் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பிள்ளைகள் சவாரி கற்க வருகிற நாள். பவளம் மேல் ஆறு வயசுப் பெண் ஒன்று முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தது. அழுதது, பிறகு இறங்க மாட்டேன் என்று அழுதது. பவளம் அசையாமல் நின்றாள். இருபது வயசாகிறது அவளுக்கு.

மதியம் கஃபூர் வந்தான். "அக்கா, மேற்கு வரிசைக்குப் போட ஒரு கட்டு பிரிச்சேன். கொஞ்சம் வந்து பாருங்களேன். ஒரு மாதிரி நாத்தம் வருது."

போனேன். பாதி பிரித்துப் போட்டிருந்தான். பச்சையாகத்தான் இருந்தது. நடுவில் கறுப்பாக, கெட்டியாக ஒரு கொத்து. ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட புல் மாதிரி இருந்தது. மற்றதை அள்ளி முகத்தில் வைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஈரம் பட்ட வாசம்தான். ஒரு மணி நேரம் வெயில்ல உதறிப் போட்டுட்டு எடுத்துப் போடு" என்றேன். அந்தக் கறுப்புக் கொத்தைப் பிய்த்துக் குப்பைக்குழியில் எறிந்தேன்.

"போட்றட்டுமா?" என்றான்.

"அதான் சொன்னேனே."

"இல்லக்கா, இன்னொரு தடவை..."

"நான் இருபது வருசமா புல்லு பாக்கறேன், கஃபூர்."

"சரிங்கக்கா" என்றான்.

மேற்கு வரிசையில் நாலு குதிரை. பவளம், சித்திரை, மின்னல், கார்மேகம். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பவளம் காலையில் தவிட்டைத் தொடவில்லை. தண்ணித் தொட்டியில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஆனால் தண்ணி குறையவில்லை. வாயோரம் எச்சில் கயிறாக வடிகிறது. பல்லில் ஏதோ என்று நினைத்து வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். விட்டதும் உள்ளே போகவில்லை. அப்படியே தொங்கியது. நானே மடித்து உள்ளே தள்ளினேன்.

டாக்டர் ரெஜினாவுக்குப் போன் செய்தேன்.

நவம்பர் 12, புதன்

டாக்டர் காலையிலிருந்து இங்கேதான். மின்னலுக்கும் நாக்கு தொங்குகிறது. கார்மேகத்துக்குத் தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. யாரையும் பக்கத்தில் விடாத முரட்டுக் குதிரை, சுவரில் சாய்ந்து நிற்கிறான். பவளம் பதினொரு மணிக்குப் படுத்துவிட்டாள்.

எந்த வலியும் இல்லை, காய்ச்சல் இல்லை. கண் தெளிவாக இருக்கிறது. பேர் சொன்னால் காது திரும்புகிறது. உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்காமல் போகிறது. தாகமாக இருக்கிறது என்று அவள் பார்வையிலேயே தெரிகிறது. தண்ணியைக் கையில் அள்ளி உதட்டில் விட்டேன். இரண்டு பக்கமும் வழிந்து போயிற்று.

நவம்பர் 13, வியாழன்

பவளம் காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள். கடைசியில் மூச்சு இழுக்கிற சதையும் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

சித்திரை மத்தியானம் படுத்தாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். மேற்கு வரிசைக்கு மட்டும் போட்டது எது, கிழக்கு வரிசைக்குப் போடாதது எது? ஞாயிற்றுக்கிழமைக் கட்டைப் பற்றிக் கஃபூர் சொன்னான். "மீதி ஏதாவது இருக்கா?" என்றார். ஒன்றும் மீதியில்லை. குப்பைக்குழியைக் காட்டினான். அவர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு குச்சியால் கிளறினார். நான் எறிந்த கறுப்புக் கொத்து அங்கேயே கிடந்தது. குச்சியால் பிளந்தார். மயிர். சின்னச் சின்ன எலும்பு. ஒரு வால்.

"பெருச்சாளி. புல்லோட மிஷின்ல சிக்கிக் கட்டுக்குள்ளயே அழுகியிருக்கு. அதுல உண்டாகுற விஷம் இது. பக்கத்துல இருக்கற புல்லு பூரா இறங்கியிருக்கும். இதுக்கு மாத்து மருந்து இந்தப் பக்கம் எங்கயும் கிடைக்காது" என்றார். மேலே ஏறி வந்து கையுறையைக் கழற்றினார். பிறகு கேட்டார்: "கட்டைப் பிரிச்சப்பவே குடலைப் புரட்டியிருக்குமே. யார் பிரிச்சது?"

"நாந்தாங்க" என்றான் கஃபூர்.

"உனக்குத் தெரியலையா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எனக்குச் சளிங்க டாக்டர்" என்றான் கஃபூர். "பத்து நாளா மூக்கு அடைச்சுக் கெடக்கு. வாசமே தெரியல."

அவனுக்குச் சளியே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஐயா வந்தார். பவளத்தைப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் மகளுக்கு வாங்கின குதிரை அது.

கஃபூரைக் கூப்பிட்டு, "உனக்கு மூக்கு அடைச்சிருந்தா இந்த அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல? பத்தடி தூரத்துலதான இருந்தாங்க?" என்றார். கஃபூர் தலையைக் குனிந்து, "தப்புத்தானுங்கய்யா" என்றான். நாளைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். இனிமேல் குமரேசன் வண்டி கேட்டுக்குள் வரக்கூடாது என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். என் கையில் மின்னலுக்குக் குழாயில் ஊற்றுகிற கஞ்சி வாளி இருந்தது. கஞ்சி ஆறிப்போனது.

மின்னல் சாயங்காலம் நாலு மணிக்கு.

நவம்பர் 15, சனி

கஃபூர் ஒரு பையும் ஒரு போர்வைச் சுருட்டும் வைத்திருந்தான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் அறை வாசலில் நின்றேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"பால் கருகுன அன்னைக்கே தெரியுங்கக்கா."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். உங்ககிட்டப் போயி அதை எப்படிக்கா கேக்கறது? குருடான்னு கேக்கற மாதிரி."

"அந்தக் கட்டு நாறுச்சுன்னு தெரியுமில்ல உனக்கு. அப்பறம் ஏன் போட்ட?"

அவன் போர்வைச் சுருட்டின் கயிற்றை அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான்.

"போடாம விட்டா ஏன்னு ஐயா கேப்பாரு. வசந்தாமணி அக்கா சரின்னு சொன்னதை நீ யாருடா தள்றதுன்னு கேப்பாரு. அப்ப உங்களைச் சொல்ல வேண்டி வந்துரும். சும்மா ஈரம்தான் போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒரு மணி நேரம் வெயில்ல போட்டேன். அக்கா, ரெண்டு மணி நேரம் போட்டேன். அப்பவும் நாறுச்சு." அவன் கயிற்றை விட்டுவிட்டான். "சித்திரைக்கு நாந்தான் அள்ளி வெச்சேன். அது திங்க மாட்டேன்னு மொகத்தைத் திருப்புச்சு. கழுத்தைத் தட்டிக் குடுத்துத் திங்க வெச்சேன்."

அவனை இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதே ஐயாவுக்குப் போன் போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "சாப்பாடு கட்டித் தரட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

நவம்பர் 16, ஞாயிறு

சித்திரை இறந்தாள், காலை ஒன்பது மணி. டாக்டர் வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் நான் அவள் விலாவில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு நின்ற பிறகும் உள்ளே உதைத்தது. மூன்று தடவை. பிறகு ஒரு தடவை, மெதுவாக. பிறகு இல்லை.

நவம்பர் 17, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஐயா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், கருகின பால், நாலே கட்டு பிரித்தது, அவர் நண்பர்கள் முன்னால் தேன் என்று சொன்னது, ஞாயிற்றுக்கிழமை. கஃபூர் வந்து கேட்டான், நான்தான் போடச் சொன்னேன் என்றேன்.

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போனேன்.

"இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்கய்யா."

"சொல்ல வேண்டாம். பிள்ளைகளை அனுப்பற வீட்டுக்காரங்க எல்லாருக்கும் வேலைக்காரன் கவனக்குறைவுன்னு சொல்லி, அவனை அனுப்பியாச்சுன்னும் சொல்லியாச்சு. அத்தோட அடங்கிப்போச்சு. இப்பப் போயி நம்ம தீவனத்தைப் பாக்கறவங்களுக்கே வாசம் தெரியாதுன்னு சொன்னா, நாளைக்கு ஒரு குதிரை தும்முனாக்கூடக் கேள்வி கேப்பாங்க."

"கஃபூரைத் திரும்பக் கூப்பிடணுங்கய்யா."

"அம்மிணி, ஒருத்தன் போயாச்சு. நீங்களும் போயிட்டா மிச்சமிருக்கற பதினோரு குதிரையை யாரு பாக்கறது? மூக்கு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் கண்ணால பாத்து வாங்குங்க." பேப்பரை மடித்தார். "மோரைக் குடிங்க."

குடித்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

நவம்பர் 20, வியாழன்

டாக்டர் கார்மேகத்துக்குக் குழாய் போட வந்தார். மூக்கு வழியாகக் குழாயை இறக்க நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் நிற்கிறான். இவன் தப்பிப்பான் போல என்றார்.

போகிற போக்கில், "அந்தப் பையன் பாவம்" என்றார். கோயமுத்தூரில் ஒரு சவாரிப் பள்ளிக்குக் கஃபூர் வேலை கேட்டுப் போனானாம். செத்த பெருச்சாளியைப் போட்டுக் குதிரையைக் கொன்றவன் நீதானா என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். ஊட்டியிலும் அப்படியே. குதிரை வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர், எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அவரிடமும் சொன்னேன். டாக்டர் என்னைத் தேற்றவில்லை. குழாயைக் கழுவிச் சுருட்டி முடித்தார். பிறகு, "ஒன்பதாம் தேதி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கட்டு குப்பைக்குப் போயிருக்கும். நாலு குதிரையும் நின்னுட்டிருக்கும். அந்தக் குட்டியும்" என்றார். ஸ்கூட்டரில் ஏறினார். "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? அவனைத் துரத்தற ஆளுங்ககிட்டச் சொல்லுங்க."

நவம்பர் 24, திங்கள்

புது லோடு வந்தது. தாராபுரம் பக்கத்துக்காரர், சுப்பராயன் என்று பேர். ஊட்டி, கோயமுத்தூர், ஈரோடு எல்லா லாயத்துக்கும் போடுகிறவர். இங்கே முதல் தடவை. கூட மூன்று சுமைக்காரர்கள், ஒரு டிரைவர். நான் கட்டுப் பார்ப்பதைப் பார்க்க எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள்.

"உங்களைப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கேனுங்க. பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு கைப்பிடியை நீட்டினார்.

"எனக்கு வாசம் தெரியாதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இதென்னங்க, வெலையக் கொறைக்கறதுக்கு இப்படியும் ஒரு வழியா?"

"காய்ச்சல் வந்ததுல இருந்து ஒரு மாசமாத் தெரியாது. பெருச்சாளி அழுகுன கட்டை நல்ல கட்டுன்னு சொன்னது நான். கஃபூர் நாறுதுன்னு என்கிட்ட வந்து சொன்னான். நான்தான் போடச் சொன்னேன். பழியை அவன் ஏத்துக்கிட்டுப் போயிட்டான். மூணு குதிரையும் ஒரு குட்டியும் செத்தது என்னால. குமரேசன் மேலயும் தப்பில்ல. பத்துக் கட்டு பிரிச்சுப் பாக்க வேண்டியவ நாலோட நிறுத்தினேன். நீங்க போற லாயத்துல எல்லாம் இதைச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க. வசந்தாமணின்னு."

சுமைக்காரர்களில் ஒருவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி. சுப்பராயன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். என்னிடமிருந்து ஓரடி விலகித்தான் நின்றார்.

"அப்ப இந்த லோடை யாருங்க பாக்கறது?" என்றார் கடைசியில்.

அவர் ஆட்களையே பத்துக் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். என்னிடம் சொல்ல வேண்டாம், சந்தேகம் வந்த கட்டை ஓரமாகப் போடுங்கள், போதும் என்றேன். இரண்டைப் போட்டார்கள். எனக்கு அவை மற்ற எட்டைப் போலத்தான் இருந்தன.

நவம்பர் 27, வியாழன்

ஐயாவுக்கு மூன்று நாளில் எட்டிவிட்டது. இந்தத் தடவை கோபம் இருந்தது. "நான் சொல்லியும் கேக்கலையே. நீங்களே கெடுத்துக்கிட்டீங்க அம்மிணி" என்றார். கஃபூரைக் கூப்பிடுங்கள் என்று மறுபடியும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நம்பர் இருந்தாக் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன்.

அறையைக் காலி செய்தேன். இருபது வருஷத்துச் சாமான் இரண்டு சாக்கில் அடங்கியது. கிளம்பும்போது கார்மேகத்தைப் பார்த்தேன். தானாக வாளியில் தண்ணி குடிக்கிறான். நாக்கு இன்னும் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் போனேன், காதைப் பின்னால் மடித்தான்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெள்ளகோவிலில் தங்கச்சி வீடு. காலையில் முருங்கைத் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிறேன். கை போதும், கண் போதும். தங்கச்சி ஏன் வந்துவிட்டாய் என்று கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

டிசம்பர் 5, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். ஐயா கஃபூரைக் கூப்பிட்டாராம். அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டானாம். கோயமுத்தூர்க்காரர்களும் தாங்களாகவே கூப்பிட்டார்களாம். அங்கேயும் நிற்கவில்லையாம். கரூரில் துணி மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போகிறானாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது தடவை எடுத்தான். பின்னால் லாரிச் சத்தம்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கஃபூர். உன் மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் தெரியும். போப்பா. குதிரைகிட்டப் போ. உனக்கு அதுதான் வரும்."

"கேள்விப்பட்டேங்கக்கா" என்றான். "போனேன். போகாம இல்ல. கோயமுத்தூர்ல ஒரு நாள் வேலைக்கு நின்னேன். ஒரு பொட்டைக் குதிரை. புல்லை அள்ளிக் கொண்டு போயி வெச்சேன். அது மொகத்தைத் திருப்புச்சு. பசியில்லாம இருந்திருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. ஆனா என்னால தட்டிக் குடுக்க முடியல. கையைத் தூக்க முடியல. வாளியை அங்கயே வெச்சுட்டு வெளிய வந்துட்டேன்."

வரப்பில் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்டீங்களாக்கா?" என்றான்.

"ஆச்சு" என்றேன். சாப்பாட்டுத் தூக்குப்போசி மூடியே திறக்காமல் மடியில் இருந்தது. "நீ?"

"ஆச்சுங்கக்கா."

அவனும் சாப்பிடவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை. அவன் பக்கத்தில் யாரோ மூட்டை தூக்கக் கூப்பிடுகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.